ஆறில்லாத ஊரில் மீன்கொத்தி

பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றிலும் ஆறு கிடையாது. தூத்துக்குடிக்கு வடமேற்கே, ஓட்டப்பிடாரத்தை அடுத்து உள்ளது இந்த ஊர். கரிசல் நிலம், பனைமரங்கள், உடைமரங்கள், வானம் பார்த்த பூமி. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்துவிடும். அந்த நீர் கண்மாய்களில் சில மாதங்கள் நிற்கும். சித்திரை வந்தால் பல கண்மாய்கள் வறண்டு, தரை வெடித்துக் கிடக்கும்.

1974-இல் இங்கே கட்டப்பட்ட கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைப் பார்க்கப் பள்ளி மாணவர்கள் பலர் வருகிறார்கள். அப்படி வருபவர்கள் வழியில் மின்கம்பிகளையும் சற்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். சாக்லேட் நிறத் தலை, வெள்ளை மார்பு, பளீரென்ற நீல முதுகு, தடித்த சிவப்பு அலகு. இத்தனையும் கொண்ட ஒரு பறவை கம்பியில் தனியே உட்கார்ந்து தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பெயர் என்ன என்று கேட்டால், தெரிந்தவர்கள் உடனே "மீன்கொத்தி" என்பார்கள்.

ஆற்றுநீர் இல்லை, கண்மாயும் வறண்டுவிட்டது. மீன் இல்லாத இடத்தில் மீன்கொத்திக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பென்சிலும், அசையாமல் அரைமணி நேரம் உட்காரும் பொறுமையும் போதும்.

பெயரை நம்பலாமா?

நாம் கம்பியில் பார்த்த பறவை வெண்மார்பு மீன்கொத்தி. நீளம் சுமார் 28 செ.மீ. அது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தொலைவில் அமர்ந்து கவனியுங்கள். தலையை மேலும் கீழும் ஆட்டும். வாலைச் சொடுக்கும். திடீரென்று சாய்வாகப் பாய்ந்து தரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அலகில் ஏதோ துடிக்கும். அதைக் கம்பியிலோ கிளையிலோ இரண்டு மூன்று முறை ஓங்கி அடிக்கும், பிறகு விழுங்கும்.

அலகில் துடித்தது வெட்டுக்கிளியாக இருக்கும். அல்லது அரணை, ஓணான் குஞ்சு, வயல் நண்டு, தவளை. சில வேளைகளில் சுண்டெலியாகவும் இருக்கலாம். மீன் கிடைத்தால் அதையும் விடாது. ஆனால் மீன் இல்லாவிட்டால் பட்டினி கிடக்காது. இந்தியாவில் உள்ள பன்னிரண்டு வகை மீன்கொத்திகளில் நீரை மிகக் குறைவாக நம்பி வாழ்பவற்றுள் இது ஒன்று. ஆகவே கண்மாய் வறண்டாலும் இது ஊரைவிட்டுப் போவதில்லை.

இதைக் கண்ணால் பார்ப்பதோடு, தடயத்தாலும் உறுதி செய்யலாம். மீன்கொத்திகளால் எலும்பு, செதில், நண்டு ஓடு, வண்டின் மேலிறகு ஆகியவற்றைச் செரிக்க முடியாது. அவை இரைப்பையில் ஒன்றுசேர்ந்து சிறு உருண்டையாகும். பறவை அதை வாய்வழியே கக்கிவிடும். மீன்கொத்தி நாள்தோறும் உட்காரும் கம்பத்தின் அடியில் தேடினால் இத்தகைய உருண்டைகள் கிடைக்கும். அவற்றைக் குச்சியால் மெல்லப் பிரித்து, வெள்ளைத் தாளில் பரப்பி, உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். (வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்கவேண்டாம்.) மாசியில் கிடைத்த உருண்டையில் என்ன இருந்தது, வைகாசியில் கிடைத்ததில் என்ன இருந்தது என்று எழுதி வைத்தால், நீர் வற்ற வற்ற அந்தப் பறவையின் உணவு எப்படி மாறுகிறது என்பது உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே தெரியும்.

மூன்று பறவைகள், மூன்று தொழில்கள்

அப்படியானால் மீனையே நம்பி வாழும் மீன்கொத்திகள் எங்கே? அவற்றைப் பார்க்கப் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தெற்கே வரவேண்டும். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதன் வடகாலில் ஓடிவரும் நீர் கடைசியாகத் தூத்துக்குடியை அடுத்த கோரம்பள்ளம் குளத்தை அடைகிறது. ஆறோ புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. குளம், வாய்க்கால், கழிமுகம், உப்பளம் என்று விதவிதமான நீர்நிலைகள் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன.

வாய்க்கால் ஓரத்துக் கிளையில், நீருக்கு மிக அருகில், குருவியைவிடச் சற்றே பெரிய ஒரு பறவை இருக்கும். நீளம் 16 அல்லது 17 செ.மீ.தான். முதுகு மின்னும் நீலம், வயிறு செம்மஞ்சள். இதுவே சிறு நீல மீன்கொத்தி. சங்க இலக்கியத்தில் வரும் மணிச்சிரல் என்ற பெயரும், விச்சுளி என்ற பழம்பெயரும் மீன்கொத்திக்கு உரியவை. கழைக்கூத்தாடிகளின் பாய்ச்சல் ஒன்றுக்கும் விச்சுளி என்றே பெயர். பறவையின் பாய்ச்சலைக் கண்டவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். இது கிளையில் இருந்து நீருக்குள் விழுந்து விரல் நீளமுள்ள சிறு மீன்களைப் பிடிக்கும். நீர்ப்பூச்சிகளையும் தின்னும்.

மூன்றாவது பறவையை வானத்தில் தேட வேண்டும். உடல் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் கருவெள்ளை மீன்கொத்தி இது. குளத்தின் நடுவே, உட்காரக் கிளையோ கம்போ இல்லாத இடத்தில், காற்றிலேயே சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். உடல் செங்குத்தாக இருக்கும், சிறகு படபடக்கும், தலை மட்டும் ஆணி அடித்ததுபோல் அசையாமல் இருக்கும். பிறகு சிறகை மடக்கிக்கொண்டு நேர் கீழே விழும். சிறிய மீனானால் கரைக்குத் திரும்பாமல் பறந்தபடியே விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடும். உப்பளங்களுக்குக் கடல்நீர் வரும் ஓடைகளிலும் கழிமுகத்திலும் இதைப் பார்க்கலாம்.

இந்த மூன்றும் ஒரே குளத்தில் இருக்கக்கூடும். ஆனாலும் ஒன்றுக்கொன்று பெரிய போட்டி இல்லை. ஏன்? சிறு நீல மீன்கொத்திக்குக் கரையோரத்து ஆழமில்லாத நீர். கருவெள்ளை மீன்கொத்திக்குக் குளத்தின் நடுப்பகுதி. வெண்மார்பு மீன்கொத்திக்குக் கரையும் அதற்கு அப்பாலுள்ள வயலும். யூஜின் ஓடம் என்ற அமெரிக்கச் சூழலியல் அறிஞர் இதை அழகாக விளக்கினார். ஓர் உயிரினத்தின் வாழிடம் அதன் முகவரி. அது தன் பிழைப்பை நடத்தும் முறை அதன் தொழில். நம் மூன்று பறவைகளுக்கும் முகவரி ஒன்றாக இருக்கலாம். தொழில் வேறு வேறு.

ஒரு நொடிக்குள் நடப்பது

மீன்கொத்தி நீரில் பாய்வது ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. அதற்குள் உங்கள் இயற்பியல் புத்தகத்தின் இரண்டு பாடங்கள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது ஒளிவிலகல். ஒரு கிண்ணத்தின் அடியில் நாணயம் ஒன்றை வையுங்கள். நாணயம் விளிம்புக்குக் கீழே மறையும்வரை பின்னால் நகருங்கள். இப்போது நண்பர் ஒருவரைக் கிண்ணத்தில் நீர் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் அசையாமலே நாணயம் மேலே வந்து கண்ணுக்குத் தெரியும். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால் இப்படி நேர்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆகவே நேர் மேலிருந்து பார்த்தால், 20 செ.மீ. ஆழத்தில் உள்ள மீன் 15 செ.மீ. ஆழத்தில் இருப்பதுபோல் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் ஏமாற்றம் இன்னும் அதிகம். மீன் உண்மையில் இருக்கும் இடத்தில் தோன்றாது.

இப்போது கருவெள்ளை மீன்கொத்தியை நினைத்துப் பாருங்கள். மீனுக்கு நேர் மேலே நின்று, நேர் கீழே பாய்கிறது. நேர் மேலிருந்து பார்க்கும்போது ஆழம் மட்டுமே மாறித் தோன்றும். மீன் பக்கவாட்டில் விலகித் தோன்றாது. நேராக விழுகிற பறவைக்கு அந்தப் பிழையால் கெடுதல் மிகக் குறைவு.

இரண்டாவது மிதப்பு விசை. பறவையின் இறகுகளுக்கு இடையே காற்று நிறைந்திருக்கும். ஆகவே அது தக்கைபோல மிதக்கும். மிதக்கும் பொருள் நீருக்குள் போவது எப்படி? இதற்கு நம் கடற்கரையிலேயே ஓர் ஒப்புமை இருக்கிறது. தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. முத்துப் பார்களை நோக்கி மூழ்கிய குளிகாரர்கள் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் ஊன்றி இறங்குவார்கள். கல்லின் எடை அவர்களை விரைவாக அடிக்குக் கொண்டுபோகும். மேலே தோணியில் இருப்பவர் பிறகு கல்லை இழுத்துக்கொள்வார். மீன்கொத்திக்குக் கல் கிடையாது. அது உட்கார்ந்திருக்கும் உயரமே அதற்குக் கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட, நீரைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 6.3 மீட்டர். அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். விழ எடுத்துக்கொள்ளும் நேரம் 0.64 நொடி. 6 மீட்டர் உயரமானால் வேகம் நொடிக்கு 10.8 மீட்டர் ஆகிவிடும். தாழ்ந்த கிளையில் இருக்கும் சிறு நீல மீன்கொத்தி கரையோரத்து மேல்நீரில் மட்டும் பிடிப்பதற்கும், உயரத்தில் நிற்கும் கருவெள்ளை மீன்கொத்தி நடுக்குளத்தில் பிடிப்பதற்கும் உள்ள தொடர்பு இப்போது புரிகிறதல்லவா? வேகம் தீர்ந்ததும் மிதப்பு விசையே பறவையை மேலே தள்ளிவிடும். நீருக்குள் இருக்கும்போது கண்ணை மெல்லிய சவ்வு ஒன்று மூடிக் காக்கும்.

நீலம் எங்கே இருக்கிறது?

மீன்கொத்தியின் முதுகு நீலமாக இருக்கிறது; ஆனால் அந்த இறகில் நீல நிறமி சிறிதும் இல்லை. உதிர்ந்து கிடக்கும் நீல இறகு ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நீலம் மறைந்து மங்கிய பழுப்பு தெரியும். இறகை அரைத்துப் பொடியாக்கினாலும் நீலம் போய்விடும். நிறமியாக இருந்தால் இப்படிக் காணாமற் போகாது.

நம் நாட்டின் சர் சி. வி. இராமன் இந்தப் புதிரில் ஈடுபட்டவர். 1934-இல் பறவை இறகுகளின் நிறம் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பறவை பனங்காடை. பாஞ்சாலங்குறிச்சிப் பனைமரங்களில் நாம் சாதாரணமாகக் காணும் பறவைதான். மீன்கொத்தியின் வரிசையைச் சேர்ந்த உறவுப் பறவையும்கூட. பிற்காலத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபோது இறகின் உள்ளமைப்பு தெளிவாகத் தெரிந்தது. இறகு இழைகளுக்குள் கடற்பஞ்சு போன்ற நுண்ணிய அமைப்பு இருக்கிறது. அதன் துளைகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு சிறியது. அங்கே பட்டுத் திரும்பும் ஒளி அலைகளில் நீலம் ஒன்றையொன்று வலுப்படுத்தி நம் கண்ணுக்கு வருகிறது. மற்ற நிறங்கள் மங்கிவிடுகின்றன. சிறு நீல மீன்கொத்தியின் வயிற்றில் உள்ள செம்மஞ்சளோ உண்மையான நிறமி. ஒரே பறவையில் இருவகை நிறங்கள்!

இந்த அழகே அவற்றுக்குக் கேடாகவும் முடிந்தது. சீனத்தில் நெடுங்காலம் மீன்கொத்தியின் நீல இறகுகளை ஒட்டித் தலையணிகளும் நகைகளும் செய்தார்கள். அதற்காக ஆசியாவின் பல பகுதிகளிலும் பறவைகள் பிடிக்கப்பட்டன. இன்று நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மீன்கொத்திகளைக் காக்கிறது. அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

ஒரு முழம் மண்சுவர்

உணவில் மூன்று பறவைகளும் வேறுபட்டாலும், வீடு கட்டுவதில் மூன்றும் ஒன்றே. மரத்தில் குச்சி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. செங்குத்தான மண்சுவரைக் குடைந்து வளை அமைக்கின்றன. ஓடைக்கரை, மண் கிணற்றின் சுவர், வாய்க்காலின் மேடான கரை போன்ற இடங்களே அவற்றுக்கு ஏற்றவை.

அலகால் குத்தி மண்ணைப் பெயர்க்கும். காலால் பின்னுக்குத் தள்ளும். மீன்கொத்தியின் முன்விரல்கள் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்; அவை சிறு மண்வெட்டிபோல் உதவுகின்றன. ஆணும் பெண்ணும் மாறி மாறி வேலை செய்து, அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நீளமுள்ள சுரங்கத்தைக் குடையும். அதன் முடிவில் சிறிய அறை. அங்கே உருண்டையான வெண்ணிற முட்டைகள். இருட்டில் இருப்பதால் முட்டைக்குப் புள்ளியோ கோடோ தேவையில்லை. மண்ணுக்குள் வெயிலின் கடுமையும் தெரியாது.

இங்கேதான் மீன்கொத்தியின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. உணவு மாறினால் வெண்மார்பு மீன்கொத்தி சமாளித்துக்கொள்ளும். மண்சுவர் இல்லாவிட்டால் அதற்கு வேறு வழி இல்லை. வாய்க்கால் கரைகளுக்குக் கான்கிரீட் பூசும்போது நீர் வீணாகக் கசிவது குறைகிறது. உழவருக்கு அது நன்மை. பழைய மண்கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவதும் பாதுகாப்புக்கு வேண்டியதே. ஆனால் ஊரில் உள்ள எல்லாக் கரைகளையும் ஓர் அங்குலம் விடாமல் பூசிவிட்டால், குடையத் தெரிந்த பறவைக்குக் குடைய இடம் இருக்காது. ஓடையின் ஒரு வளைவில், ஆள் நடமாட்டம் குறைந்த ஓரிடத்தில், சில மீட்டர் மண்கரையை அப்படியே விட்டுவைத்தால் போதும். அந்த இடம் எது என்று சொல்ல வேண்டுமானால், வளை எங்கே இருக்கிறது என்று யாராவது முன்பே பார்த்துக் குறித்திருக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது?

1. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் செல்லுங்கள். ஒளி உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். நீர்நிலைக்கு ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். ஆழம் தெரியாத கரையில் இறங்காதீர்கள்.

2. முதலில் காதைப் பயன்படுத்துங்கள். வெண்மார்பு மீன்கொத்தி உரக்கச் சிரிப்பதுபோல் நடுங்கும் குரலில் கத்தும். சிறு நீல மீன்கொத்தி பறக்கும்போது கூர்மையான "சீ" ஒலி எழுப்பும். பெரும்பாலும் ஒலி கேட்ட பிறகே பறவை கண்ணில் படும்.

3. ஆணா பெண்ணா என்று பாருங்கள். சிறு நீல மீன்கொத்தியில் ஆணின் அலகு முழுவதும் கறுப்பு. பெண்ணின் கீழலகு சிவப்பு. கருவெள்ளை மீன்கொத்தியில் ஆணின் மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். பெண்ணுக்கு ஒன்றே, அதுவும் நடுவில் அறுந்திருக்கும். வெண்மார்பு மீன்கொத்தியில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

4. எண்ணுங்கள். அரைமணி நேரத்தில் எத்தனை முறை பாய்ந்தது? எத்தனை முறை இரையோடு திரும்பியது? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வெற்றி விகிதம் கிடைக்கும். காற்று வீசும் நாளில், நீர் கலங்கிய நாளில் இந்த விகிதம் மாறுகிறதா?

5. வளையைக் கண்டால் குறைந்தது முப்பது அடி தள்ளியே இருங்கள். பறவை வாயில் இரையோடு உள்ளே போகாமல் கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். வளைக்குள் குச்சியோ கையோ விடக்கூடாது; பாம்பும் இருக்கக்கூடும்.

6. நாள், நேரம், இடம், நீரின் அளவு, பறவையின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்த இடத்திலேயே எழுதுங்கள். பறவை இல்லாத நாளையும் "இல்லை" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு செய்திதான்.

நீங்கள் எழுதுவது யாருக்குப் பயன்?

பொறுமையாக எழுதிய குறிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஹைன்ஸ் உல்ரிக் ரையர் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் நைவாஷா, விக்டோரியா ஏரிக்கரைகளில் கருவெள்ளை மீன்கொத்திகளைக் கவனித்தார். பறவைகளுக்கு வண்ண வளையமிட்டு, எது எந்த வளைக்கு மீன் கொண்டுபோகிறது என்று குறித்துவந்தார். சில வளைகளுக்குத் தாய், தந்தை அல்லாத மூன்றாவது பறவையும் மீன் கொண்டுவந்தது. பல வேளைகளில் அது அந்த இணையின் முந்தைய ஆண்டு மகன்! தான் குடும்பம் நடத்தாமல் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டிய அந்த மகனைப் பற்றி 1980-களில் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் உயிரியலாரிடையே புகழ் பெற்றவை.

நம் பகுதியிலும் பறவைகளைக் கணக்கிடும் வேலை நடந்துவருகிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கிடும் பணி 2011-இல் தொடங்கியது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இதை முன்னின்று நடத்துகிறது. தை மாதத்தை ஒட்டி நடைபெறும் இந்தக் கணக்கெடுப்பில் மாணவர்களும் ஆசிரியர்களும் கலந்துகொள்கிறார்கள். உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி அதில் சேர முயலுங்கள்.

ஆனால் அந்தக் கணக்கெடுப்பு குளங்களில், சில நாட்களில் நடப்பது. ஓட்டப்பிடாரத்துக் கரிசல் காட்டில், சித்திரை வெயிலில், மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஒற்றை மீன்கொத்தியை ஆண்டு முழுவதும் பார்க்க அங்கேயே வாழும் ஒருவரால்தான் முடியும். கண்மாய் வற்றிய வாரத்தில் கருவெள்ளை மீன்கொத்தி எந்த நாளில் காணாமற் போயிற்று? மழை விழுந்து எத்தனை நாளில் திரும்பி வந்தது? கோரம்பள்ளத்தில் ஒரே வளைக்கு மூன்று பறவைகள் மீன் கொண்டுபோகின்றனவா? நாளை காலை நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். முதல் பக்கத்தில் தேதியை எழுதுங்கள்.